ஜெபக் குறிப்பில் வந்த ஜாபர்

எங்கள் டீமில் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பியாக வேண்டும் என்று மேலிடம் சொன்ன வாரம், மேனேஜர் ரூபன் என்னைத் தனியே கூப்பிட்டார். சன்னிவேலில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி, 2002. டெஸ்டிங்கில் இருந்தது இரண்டே பேர், நானும் ஜாபரும். இருவர் விசாவும் அந்தக் கம்பெனியை நம்பித்தான். வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

“பிரதர், நீங்க ஒர்ரி பண்ணாதீங்க,” என்றார் ரூபன். “ஜாபர் எப்படியும் ஊருக்குத் திரும்பிப் போறான். அவனையே லிஸ்ட்ல போட்டுட்டேன்.”

“யார் சொன்னா?”

“நீங்கதான் பிரதர். உங்க ஜெபக் குறிப்புல பார்த்தேனே.”

ஆபீசில் கிறிஸ்துவுக்குச் சாட்சியாக இருக்க வேண்டும் என்று சபையில் கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் வேலைக்கு வருகிறார்கள். அவர்களுக்காக அந்தக் குறிப்பின் கதையை எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லதாக இதில் ஒன்றும் இல்லை.

1. பயிற்சி

எங்கள் தமிழ்ச் சபையில் அந்த வருஷம் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பிற மதத்தாரிடம் பிரசங்கம் பண்ணாதீர்கள், வாதம் பண்ணாதீர்கள், காது கொடுத்துக் கேளுங்கள் என்றார்கள். ஆறு மாதம் கேட்டால், ஏழாம் மாதம் அவர்களே உங்களைக் கேட்பார்கள் என்றார்கள். எனக்குப் பிடித்திருந்தது. பாளையங்கோட்டைக்காரன் என்றாலும் எனக்குப் பேச்சு சாமர்த்தியம் கிடையாது.

கேட்பதற்கு ஆள் தேடவேண்டிய அவசியமும் இல்லை. ஜாபரும் நானும் ஃப்ரீமாண்டில் ஒரே அபார்ட்மெண்ட் வளாகம். நான் டிரைவிங் டெஸ்டில் இரண்டு முறை ஃபெயில். அவர் காரில்தான் தினமும் ஆபீஸ் போய் வந்தேன். இரண்டு பேர் இருந்தால் கார்பூல் லேனில் போகலாம் என்பது அவருக்கு லாபம். காயல்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

கேள்விகள் கேட்டேன். நோன்பு பற்றி, தொழுகை பற்றி, அவர் வாப்பா பற்றி. மதியத் தொழுகைக்காக அரைமணி நேரம் சின்ன மீட்டிங் ரூமை என் பெயரில் புக் பண்ணிக் கொடுத்தேன். பயிற்சியில் இதைச் சொன்னதும் கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. காரில் பேசியது

ஒரு நாள் காலை, டிராஃபிக்கில் வண்டி நகரவே இல்லை. ஜாபர் தானாகத் தன் மனைவியைப் பற்றிப் பேசினார்.

“அண்ணாச்சி, சபீனாவுக்குக் குழந்தை கலைஞ்சதுலேர்ந்து மனசு சரியில்ல. மூணு வாரமா படுக்கைய விட்டு எந்திரிக்க மாட்டேங்கா. ஊருக்கே போயிரலாமான்னு இருக்கு. கம்பெனி கிரீன் கார்டு அப்ளை பண்ணப் போற நேரம். யார்ட்டயும் சொல்லிராதிய.”

“சொல்லமாட்டேன் தம்பி,” என்றேன்.

அப்போது நானும் ஒன்று சொன்னேன். என் மனைவி இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நிற்பேன், வாய் திறக்காது. சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவன் நான். இதைப் போய் யாரிடம் சொல்வது? ஜாபரிடம் சொன்னேன். அவர் ரேடியோவை நிறுத்தினார். இறங்கும்போது, “சாயங்காலம் வெயிட் பண்ணுங்க, சேர்ந்தே போலாம்,” என்றார்.

3. குறிப்பு

எங்கள் சபையில் ஒருவர் கஷ்டத்தை ஊரெல்லாம் சொல்லலாம், ஜெபிக்கத்தான் என்று சொல்லிவிட்டால் போதும். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ஈமெயிலில் குறிப்பு போகும். அந்த வாரம் நான் எழுதி அனுப்பினேன்:

“என்னோடு பணிபுரியும் இஸ்லாமிய சகோதரர். மனைவி மனச்சோர்வில். ஊர் திரும்பும் யோசனையில் இருக்கிறார். கர்த்தர் இந்தக் குடும்பத்தைச் சந்திக்கும்படி ஜெபியுங்கள்.”

பெயர் போடவில்லை, அதனால் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். என்னோடு பணிபுரியும் இஸ்லாமியர் ஒருவர்தான். ரூபனும் எங்கள் சபைதான்.

அடுத்த மாதம் சபீனாவின் தங்கை ஊரிலிருந்து வந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனாள். சபீனா எழுந்து நடமாடினாள். “இங்கயே இருப்போம்னு முடிவு பண்ணிட்டோம் அண்ணாச்சி,” என்று ஜாபர் சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்கு ஒரு குறிப்பு நான் அனுப்பவில்லை. டாக்டரும் தங்கையும் குணமாக்கியதில் சபைக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

4. லிஸ்ட்

இப்போது ரூபனின் அறைக்கு வருகிறேன். “அவர் போகலை, இங்கேதான் இருக்கப் போறார்.” இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் லிஸ்டில் என் பெயர் வரும். ஆறு மாதம் காது கொடுத்துக் கேட்டவன், வாய் திறக்க வேண்டிய இடத்தில் “சரி” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

ஜாபர் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் வீட்டுக்குப் போனேன். ஹால் முழுக்க அட்டைப் பெட்டிகள். சபீனா உள்ளேயிருந்து வரவே இல்லை.

“இண்டியன் ஸ்டோர்ல உங்க சபை ஆன்ட்டி ஒருத்தங்க சபீனா கையப் புடிச்சுக்கிட்டு, உங்க டிப்ரெஷனுக்காக எல்லாரும் ஜெபிக்கிறோம்மான்னு சொன்னாங்களாம்,” என்றார் ஜாபர். குரலை உயர்த்தவில்லை.

“தம்பி, ஜெபத்துக்காகத்தான்...”

“உங்களுக்குத்தான் ஜெபமே வரலன்னு சொன்னிய, அண்ணாச்சி.” பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே சொன்னார். “அத நான் சபீனாட்டகூட சொல்லல.”

அடுத்த வருஷம் அந்தப் பயிற்சியை என்னையே எடுக்கச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அதை எடுக்கத் தகுந்தவர் காயல்பட்டினத்தில் இருந்தார்.

பிள்ளைகளே, ஒருவர் மனதைத் திறந்து சொன்னால் அது உங்களோடு நிற்கட்டும். சொல்லியே ஆக வேண்டும் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு கடவுளிடம் சொல்லுங்கள். ஜாபரின் கஷ்டத்தை நான் சபை முழுக்கச் சொன்னேன். கடவுளிடம் மட்டும் சொல்லவே இல்லை.