வடித்த கஞ்சியும் மூன்று ஸ்பூன் எண்ணெயும்

என் வீட்டுக்காரர் பழங்காநத்தத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவர். மேலூர்ப் பக்கத்துக் கிணற்று மோட்டார்கள்கூட இவர் கடைக்கு வரும். கரண்டு அடித்தால் கையை உதறிவிட்டு வேலையைத் தொடர்வார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஊசி என்றால் மட்டும் உள்ளங்கை வியர்த்துவிடும். போன வருஷம் டாக்டர், "மூணு மாசத்துல சர்க்கரை குறையலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்றதும், என் முந்தானையைப் பிடிக்காத குறையாக வெளியே வந்தார்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே சாப்பாட்டுக்கு யோசனை சொல்லும் பெண் ஒருத்தி இருந்தாள். எண்ணெய் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரியாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டீஸ்பூன்தான். "சோத்த குக்கர்ல வைக்காதீங்கக்கா. நிறையத் தண்ணில வேகவச்சு வடிச்சிருங்க, கஞ்சியோட கொஞ்சம் மாவுச்சத்தும் போயிரும். ஒரு கப்புக்கு மேல வைக்காதீங்க" என்றாள்.

நான் எண்ணெயை என்றைக்கு அளந்தேன்? கேனைச் சாய்ப்பேன், கை போதும் என்று சொன்னால் நிமிர்த்துவேன். என் கை கொஞ்சம் தாமதமாகத்தான் சொல்லும். மறுநாளே டீஸ்பூனும் கையுமாக அடுப்படியில் நின்றேன். ஒரு ஸ்பூன் நாற்பது கலோரி, இரண்டு ஸ்பூன் எண்பது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தாளித்தேன். கத்திரிக்காய் சட்டியோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. தோசையைச் சுரண்டித்தான் எடுத்தேன்.

"கலோரி டீச்சர், இன்னைக்கு எம்புட்டு?" என்று தட்டின் முன் உட்கார்ந்து கேலி பேசுவார். "பேசாம சாப்பிடுங்க, ஊசி வேணுமா?" என்பேன். அவ்வளவுதான், குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிடுவார்.

மூன்று மாதம் போனது. எனக்கு இரண்டு கிலோ குறைந்தது, அவருக்குச் சர்க்கரை இம்மிகூட அசையவில்லை. டாக்டர் பெரிய மனசு பண்ணி இன்னும் ஒரு மாதம் தவணை கொடுத்தார். என் கைதான் தாராளம், எங்கேயோ ஒரு ஸ்பூன் கூடியிருக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். மூன்றை இரண்டாக்கினேன்.

மறுநாள் காலை சோற்றை வடித்துவிட்டுக் கீரை வாங்கத் தெருமுனைக்குப் போனேன். பர்ஸை மறந்துவிட்டதால் பாதியில் திரும்பினேன். அடுப்படியில் இவர் நிற்கிறார். கையில் கும்பா நிறைய வடித்த கஞ்சி, உப்புப் போட்டு, கடித்துக்கொள்ள நாலு சின்ன வெங்காயம் வேறு.

"அடப்பாவி மனுஷா! எம்புட்டு நாளா நடக்குது இது?"

"நீ வடிக்க ஆரம்பிச்ச நாள்லருந்து" என்றார், மீசையில் கஞ்சியோடு. "சத்தெல்லாம் இதுலதான் போகுதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல. சத்தப் போயி யாராவது சாக்கடைல ஊத்துவாகளா?"

"மாவுச்சத்துங்க! அது போகட்டும்னுதானே வடிக்கிறதே!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. கும்பாவைக் கீழே வைத்துவிட்டு, "பசிக்குதும்மா" என்றார். "நீ ஒவ்வொரு ஸ்பூனா எண்ணிக்கிட்டுக் கெடக்க. ஒனக்கும் சேத்துத்தான வயித்தக் கட்டுற. பத்தலைன்னு எந்த வாயால சொல்ல?"

யார் வந்து உட்கார்ந்தாலும் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று இரண்டு தடவையாவது கேட்கிறவள் நான். மூன்று மாதமாக இவரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அன்று மதியம் சோறு அதே ஒரு கப்தான். அவரைக்காயும் கீரையும் தட்டை மறைக்க வைத்தேன், சுண்டல் ஒரு கிண்ணம். எண்ணெய் பழையபடி மூன்று ஸ்பூன். கஞ்சியை அவர் கண் முன்னாலேயே கொட்டினேன். "நல்லா கலங்கலா இருந்துச்சு" என்று பெருமூச்சு விட்டார்.

மாதக் கடைசியில் டாக்டர் சீட்டைப் பார்த்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. "ஊசி இப்போதைக்கு வேணாம். அப்படி என்னத்த மாத்துனீங்க?" என்று கேட்டார்.

எண்ணெய்க் கணக்கை ஒப்பிக்க நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"இப்பெல்லாம் பசிச்சா வீட்ல சொல்லிர்றேன் சார்."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.