மார்த்தா அக்காவின் ஆணியில் மிஞ்சிய துண்டு

எங்கள் கம்பெனியின் டைம் ஆபீஸ் வாசலில் ஒரு பலகை உண்டு. அதில் ஆளுக்கொரு எண் போட்ட பித்தளை டோக்கன்கள் தொங்கும். வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். வராதவர்களுடையது பலகையிலேயே தொங்கும். போன செவ்வாய்க்கிழமை காலை மாதனூர் பஸ்ஸில் வருகிற பெண்களின் வரிசை முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது. என் உத்தியோக சரித்திரத்தில் அப்படி ஒரு காட்சியை அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அதனால் பஸ் டிரைவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்தபோது, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"மாதனூர் பஸ்ஸு காலிண்ணே. மார்த்தா அக்கா போய்ட்டாங்க. விடிகாலைல, பம்பாண்ட, தண்ணி புடிக்கிறப்போ."

அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்னையும் நீங்கள் அறிவீர்கள். பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஆம்பூர்ப் பாலத்தின் மேல் நின்றபடியே கால் கழுவினேன் என்று சொன்னவன் நான். நான் சொல்வதில் பத்தில் ஒன்பதைக் கழித்துவிட்டுக் கேட்பது உங்கள் வழக்கம். இன்றும் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கே நிறுத்த வேண்டும் என்பது படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

மார்த்தா அக்கா எங்கள் கம்பெனியில் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. ஆனாலும் கம்பெனியின் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தால் அங்கே ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒரு பிள்ளையைத் தோளிலும் வைத்துக்கொண்டு அவர்தான் நின்றிருப்பார். எழுபதுகளின் கடைசியில் நம் பக்கத்தில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் யூனிட்டுகள் வந்தன. தையல் மெஷினுக்குப் பெண்களைத்தான் கேட்டார்கள். மாதனூருக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஏறத்தான் முடியவில்லை, இடுப்பில் பிள்ளை இருந்ததால். என் தங்கை சரளாவும் அப்படித்தான் பத்து மாதக் குழந்தை நிர்மலாவோடு நின்றாள். பக்கத்து வீட்டு மார்த்தா அக்கா கையை நீட்டினார். புருஷனைத் தோல் பதனிடும் ஷாப் வேலைக்குக் கொடுத்து இழந்தவர். ஒரே மகன் பெங்களூரில் இருந்தான்.

"புள்ளைய என்னாண்ட குடுத்துட்டு நீ ஏறு. புள்ள எங்கியும் ஓடிடாது. பஸ்ஸு ஓடிடும்" என்றாராம்.

மறுநாள் மூன்று பிள்ளைகள். மழைக்கு முன்னால் பத்து. அடுத்த வருஷம் பதினெட்டு. ஓட்டு வீடு, ஒரே அறை, பின்னால் ஒரு மண் சுவர். ஒரு தாய் கேழ்வரகு மாவு கொண்டுவருவாள், ஒருத்தி சுள்ளி கொண்டுவருவாள், ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாத் துணியையும் அடித்துத் துவைத்துவிட்டுப் போவாள். எந்தச் சாமியைக் கும்பிடுகிற பிள்ளை என்பது தொட்டிலில் போட்ட பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு சாயங்காலம் நிர்மலாவைக் கூட்டிப்போக நான் போனேன். சரளாவுக்கு ஓவர்டைம். அக்கா வாசலை மறித்து நின்று, "துண்டு எங்கே?" என்றார். அப்போதுதான் அந்த வீட்டுச் சட்டம் எனக்குத் தெரிந்தது. காலையில் ஒவ்வொரு தாயும் பிள்ளையை விடும்போது, தோல் வேஸ்ட் பீஸ் ஒன்றை அக்கா கத்தரியால் கோணல்மாணலாக இரண்டாக வெட்டுவார். ஒரு பாதி தாயின் கையில். மறு பாதி சுவரில் அந்தப் பிள்ளைக்கென்று அடித்த ஆணியில். மாலையில் இரண்டும் வளைவுக்கு வளைவு பொருந்தினால்தான் பிள்ளை வெளியே வரும்.

"அக்கா, நான் சரளாவோட கூடப் பொறந்த அண்ணன்."

"இருந்துக்கோ."

"டைம் ஆபீஸ்ல இருக்கறவன். கம்பெனி கேட்டே நான் சொன்னாத்தான் திறக்கும்."

"உன் கம்பெனில பித்தளை, என் கம்பெனில தோலு. துண்டு இல்லாம உன் கேட்டுல ஒரு ஆளை உள்ள விடுவியா நீ?"

விடமாட்டேன். எட்டு மணி வரை அந்த வாசலில் உட்கார்ந்திருந்தேன். உலகத்துச் சுங்கச் சாவடிகளையெல்லாம் அவரிடம் ஒப்படைத்திருந்தால் ஒரு ஊசிகூட எல்லை தாண்டியிருக்காது. சரளா வந்து துண்டைக் காட்டிய பிறகுதான் அக்கா எனக்கு ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்தார். "கோச்சுக்காத தம்பி. தூங்கற புள்ளைக்கு மாமன் யாரு, திருடன் யாருன்னு தெரியாது" என்றார்.

அதற்கப்புறம் ஒரு முறை அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். நான் முன்னால் சொன்ன அந்த ஒரே முறை அதுதான். மாதனூர் வரிசை டோக்கன் முழுக்கத் தொங்கியது. தையல் பிரிவு பாதி நின்றது. கட்டிங் பிரிவு வெட்டிப்போட்டது மலைபோலக் குவிந்தது, அதன் உச்சியில் ஏறினால் சோளிங்கர் மலை தெரிந்திருக்கும். ஊரிலோ, பஸ் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருந்த பாய் காலை ஏழு மணிக்கே பாய்லரை இறக்கிவிட்டார். தவணைக்குச் சேலை கொண்டுவருகிறவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். "அக்கா படுத்தா ஊரே படுத்துக்குது" என்றார் பாய். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு எந்த மெஷின் ரிப்பேர் என்று கேட்டார். மார்த்தா என்றேன். நம் ஷூவை வாங்குகிற ஜெர்மன்காரன் இந்தக் குளிரில் வெறுங்காலோடு நடந்தால் அதற்கு மாதனூரில் ஒரு பொம்பளைக்கு அடிக்கிற காய்ச்சல்தான் காரணம், அவருக்கு ஒரு நல்ல இடமும் கூட ஒரு ஆளும் கொடுத்தால் கம்பெனி ஆயிரம் வருஷம் ஓடும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவர் சிரித்துவிட்டு, "நாம ஷூ தைக்கிறோம்யா, தாலாட்டு பாடலை" என்றார். ஆனால் பெயரை மறக்கவில்லை. அதுதான் வினையாயிற்று.

இத்தனை பெண்கள் வேலை செய்கிற இடத்தில் குழந்தைகளுக்கு ஓர் அறை இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்களிடமும் இருந்தது, காகிதத்தில். கேட்டுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரை, இரண்டு ஜன்னல், ஒரு தண்ணீர்க் குழாய். உள்ளே வருஷம் முழுக்க, ஷூவுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற லைனிங் துணி ரோல்கள் தூங்கிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் மேனேஜர் என்னிடம், "அந்தம்மாவப் புள்ளைங்களோட ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வா" என்றார். அப்புறம் சார் என்று கேட்டேன். "அப்புறம் பாக்கலாம்" என்றார். எங்கள் கம்பெனியில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் எவனும் இல்லை.

ஆனால் ஆம்பூரிலிருந்து மாதனூர் போகிற அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் அந்தச் சொல் என் வாயில் ஊறிப் பெருத்துவிட்டது. அக்காவின் வாசலில் இறங்கும்போது அது அரண்மனையாகியிருந்தது. இனிமேல் அந்த அறை உங்களுடையது, தொட்டில் உண்டு, மின்விசிறி உண்டு, ராணி மாதிரி பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகலாம் என்றெல்லாம் அளந்தேன். அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"தண்ணி இருக்குதா?"

"குழாயத் திறந்தா பாலாறு மாதிரி கொட்டும்க்கா."

"பாலாத்துல ஏதுடா தண்ணி?" என்று சிரித்தார். தினமும் விடியுமுன் கைப்பம்பில் பன்னிரண்டு குடம் அடித்துச் சுமக்கிறவரின் சிரிப்பு. அவர் சிரித்து நான் பார்த்ததில் அதுதான் பெரிய சிரிப்பு.

வியாழக்கிழமை காலை கேட்டில் நின்று, பதினெட்டுத் தாய்மாரிடமும் பதினெட்டுத் துண்டுகளை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மாதனூர் போனேன். அக்கா ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்துத்தான் பிள்ளைகளை ஏற்றினார். கடைசியில் ஒரு சிவப்புத் தோலை எடுத்துக் கோணலாக வெட்டி, ஒரு பாதியை என் கையில் வைத்தார். மறு பாதியை மாட்டப் புதிதாக ஓர் ஆணி அடித்தார்.

"இது ரூமுக்கு. உன் வாய நம்பிப் புள்ளைங்கள வெளிய கொண்டாரேன். ரூம் நம்முளுதுன்னு எழுத்துல ஆன அன்னிக்கு இதக் கொண்டாந்து சேத்துக் காட்டு."

அறைக்குள் வந்ததும் அவர், இன்ஸ்பெக்டருக்காக அன்று காலை மாட்டியிருந்த தொட்டிலையும் பார்க்கவில்லை, விசிறியையும் பார்க்கவில்லை. குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரம் கையை அதன் கீழே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பதினெட்டு முகத்தையும் ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டார், அழுக்கே இல்லாத முகங்களையும்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "இன்னிக்குத்தான் சார் வந்தோம். இனிமே இங்கதான்" என்றார். மேனேஜர் குறுக்கே புகுந்து, புதிதாகச் சேர்ந்தவர் என்று சொல்லி இன்ஸ்பெக்டரைச் சாப்பிட அழைத்துப்போனார்.

நாலு மணிக்கு லைனிங் ரோல்கள் தள்ளுவண்டியில் திரும்பி வந்தன. இரண்டு பிள்ளைகள் தரையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர்கள் வாசலில் நின்றார்கள். அக்கா என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தூங்கற புள்ளைங்கள எழுப்பணுமா தம்பி?"

இன்ஸ்பெக்டரின் ஜீப் அப்போதும் கேட்டுக்கு உள்ளேதான் நின்றது. என் ஜன்னலிலிருந்து பத்து அடி. பிரியாணி முடித்து, வெற்றிலை போட்டுக்கொண்டு அவர் வந்து ஏறினார். சல்யூட் அடித்தேன். கேட்டைத் திறந்துவிட்டேன். வறண்ட பாலாற்றில் வாயாலேயே வெள்ளம் விட்ட இந்த மகாப் பிரபு அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. இதில் நீங்கள் கழித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அந்த வருஷ மழைக்கு அக்கா வீட்டின் பின்சுவர் ஊறிச் சரிந்தது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார். யாரை நிறுத்துவது? நாதியில்லாதவர்களின் பிள்ளைகளை வைத்துக்கொண்டார். நிர்மலாவைத் திருப்பி அனுப்பினார். அவளுக்குத்தான் சம்பளக்கார மாமன் இருக்கிறானே. சரளாவின் மெஷினுக்கு உறை போட்டார்கள். அவள் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றினாள். பத்து டோக்கன்கள் பலகையில் தொங்க, தினமும் காலையில் அவற்றைப் பார்த்துக்கொண்டே நான் மற்றவர்களுக்கு ஆஜர் போட்டேன்.

கடைசியில் கை கொடுத்தது டீக்கடை பாய். தன் கடைக்கு வாங்கி வைத்திருந்த சிமெண்டு ஷீட்டைக் கொண்டுவந்து அக்கா வீட்டுப் பக்கவாட்டில் ஒரு சார்ப்பு இறக்கினார். பெண்கள் மண் குழைத்துச் சுவர் எழுப்பினார்கள். அக்கா அழுதபோது பாய் எரிந்து விழுந்தாராம், "தர்மம்னு நெனச்சுக்காதீங்கக்கா. உங்க புள்ளைங்க தூங்குனாத்தான் என் பாய்லர் கொதிக்குது" என்று. மேனேஜரிடம் நான் கூவிய பிரசங்கம் முழுவதையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சரளா மறுபடி பஸ் ஏறினாள்.

இடம் கிடைத்தது. தண்ணீர் கிடைக்கவில்லை. பன்னிரண்டு குடம் பதினைந்தாயிற்று. வருஷங்கள் ஓடின. நிர்மலா ஹைஸ்கூல் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன், புளுகுவேன், அக்கா சிரிப்பார். அறையைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. போன ஈஸ்டருக்கு மட்டும், நான் செருப்பு மாட்டும்போது, "அந்தச் செவப்புத் துண்டு வெச்சிருக்கியா?" என்றார். இருக்கிறது என்றேன். "இருக்கட்டும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது அவரைச் சார்ப்பில் கிடத்தியிருந்தார்கள். பம்படியில் ஒன்பது குடம் நிரம்பியிருந்தது. பத்தாவது பாதி. அதை யாரும் எடுக்கவில்லை. உள்ளே சுவரில் ஆணிகள் எல்லாம் காலியாக இருந்தன. அன்றைய பிள்ளைகள் இன்னும் வந்திருக்கவில்லை. எத்தனையோ வருஷமாக, வாங்கிய பிள்ளைகளையெல்லாம் அன்றன்றே ஒப்படைத்தவரின் சுவர் அது. ஓரத்தில் ஒரே ஓர் ஆணியில் மட்டும் ஒரு துண்டு. சிவப்பு கறுத்து, ஓரம் சுருண்டிருந்தது. என் பர்ஸிலிருந்ததை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். வளைவுக்கு வளைவு அப்படியே பொருந்தியது.

சரளா பின்னால் வந்து நின்றாள். அந்தச் சிவப்புத் துண்டு எதற்குரியது என்று அவளுக்குத் தெரியும்.

"நாளையிலேர்ந்து நான் மெஷினுக்குப் போகலண்ணா. புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்" என்றாள். பிறகு, "அந்த ரூம்ல இப்ப இன்னா இருக்குது?" என்று கேட்டாள்.

"லைனிங் ரோலு."

"கேப்பியா?"

என் வாயில் அரண்மனை ஒன்றும் ஊறவில்லை. "கேக்கறேன். குடுப்பாங்களான்னு தெரியாது" என்றேன். அவள் தலையசைத்தாள். நான் சொன்னதில் எதையும் கழித்ததாகத் தெரியவில்லை.

மேனேஜருக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதன் நகல் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கும் போயிருக்கிறது. இதுவரை பதில் இல்லை. அக்காவை அறிந்தவர்களே, மாதனூர் பஸ்ஸில் ஏறி இறங்கிய தங்கைகளே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பாதித் தோல் துண்டு. மறு பாதியை நான் எடுத்துவரவில்லை. எடுக்க எனக்கு உரிமை இல்லை. அது அந்த ஆணியிலேயே தொங்குகிறது. பக்கத்து ஆணிகளில் சரளா தினமும் மாட்டுகிறாள், தினமும் கழற்றுகிறாள்.