ஒரு வாய் மைலோ

கிள்ளானில் என் மகள் பேச்சுப் பயிற்சிக்குப் போகும் நிலையத்தில் ஒருவரைச் சனிக்கிழமைகளில் பார்ப்பேன். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். ஆட்டிசம் உள்ள நான்கு வயது மகனைப் பந்திங்கிலிருந்து மோட்டார்சைக்கிளில் அழைத்துவருவார். வெயிலில் கறுத்த, கனத்த கைகள். உட்கார்ந்ததும், கீழ்க்கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய, ஐஸ் போட்ட மைலோ சாக்லேட் பானத்தை ஸ்ட்ராவால் ஒரு வாய் உறிஞ்சி விழுங்கிவிட்டு, மகனுக்கு வாயைத் திறந்து காட்டுவார். பிறகு ஸ்ட்ராவை அவனிடம் நீட்டுவார். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"பையனுக்கு மைலோ பிடிக்காதாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மைலோன்னா அவனுக்கு உயிரு, அக்கா. அவன் வாயில வந்த ஒரே வார்த்தையும் அதுதான். காலையில எந்திரிச்சா அதைச் சொல்லிக்கிட்டேதான் அடுப்படிக்கு வருவான்."

ஏதோ சத்துத்தூள் கொடுத்தால் இந்தப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பேச்சு வரும் என்று வாட்சாப்பில் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். தனியாகக் கொடுத்தால் துப்புகிறான் என்று இவர் அதை மைலோவில் கலந்துவிட்டார்.

"நானும் குடிச்சுப் பார்த்தேன்க்கா, ருசியில ஒண்ணுமே தெரியல. அவனுக்குத் தெரிஞ்சிருச்சு. இப்ப வெறும் மைலோதான் குடுக்கிறேன், நம்ப மாட்டேங்கிறான். அந்த வார்த்தையையும் விட்டுட்டான்லா."

பயிற்சி ஆசிரியை வந்து பையனை உள்ளே அழைத்துப்போனார். ஐஸ் கரைய, பையின் வெளியே வேர்த்த நீர் தரையில் சொட்டச் சொட்ட, லோரிக்காரர் அந்தப் பையைக் கையிலேயே பிடித்திருந்தார். மகன் வெளியே வந்ததும் இன்னொரு வாய் குடித்துவிட்டு, மறுபடியும் வாயைத் திறந்து காட்டினார்.