வாசலில் கொட்டிய கல்

என் கணவர் கிராமச் சபை அங்கத்தவராக இருந்தது ஒரே ஒரு தவணைதான். அறுபதுகளின் நடுப்பகுதி அது. புளியங்கூடலுக்குப் போகும் தெருவோரம் ஒரு தரவை இருந்தது. மாரியில் சுற்றியுள்ள வெள்ளமெல்லாம் அந்தத் தாழ்ந்த வெளியில்தான் வந்து தேங்கும். பங்குனி வரை சேறு காயாது. அதன் தெருப்பக்கத்தை மண் போட்டு நிரப்பிக் கடைகள் கட்டவேண்டுமென்று சபைத் தலைவரான அக்கிராசனர் பிரேரணை கொண்டுவந்தார். தரவைக்குப் பின்னாலிருந்த காணியை, கடைகள் வந்தால் விலை ஏறுமென்று, அவருடைய மைத்துனர் ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்தார். அது ஊருக்கே தெரியும். சபையில் வாய்விட்டுச் சொன்னவர் என் கணவர் ஒருவர்தான்.

"தண்ணி நிக்கிற இடத்தை மூடினா அது உங்கடை முற்றத்துக்குத்தான் வரும்" என்றும் சொன்னார். இரண்டு அங்கத்தவர்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று.

அதற்கிடையில் ஒருநாள், அவர் தோட்டத்தில் நின்ற நேரம், எங்கள் வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. இரண்டு பேர் குதித்து, மதில் கட்டுகிற கல்லை இறக்கத் தொடங்கினார்கள்.

"ஆர் அனுப்பினது?" என்று ஓடிப்போய்க் கேட்டேன்.

"தெரியாது அக்கா. இந்த வீடெண்டுதான் சொன்னவை."

"திருப்பி ஏத்துங்கோ."

"ஏலாது அக்கா, வேற இடத்துக்குப் போகோணும்."

அவர் வந்து கல் குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மதில் வேணுமெண்டு ஆரிட்டையும் கேட்டனீரோ?"

வருடாவருடம் வேலி அடைத்து அலுத்துவிட்டது, ஒரு மதில் இருந்தால் நல்லது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தேன்தான். அவள் அக்கிராசனரின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை.

"சும்மா கதைச்சனான். கேக்கேல்லை. நீங்கள் ஆருக்கும் வாக்குக் குடுத்தனீங்களோ?"

அவர் கால் கழுவப் போனார். நான் கேட்டுவிட்டேன் என்று அவரும், அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நானும் நினைத்தபடி ஒரே குசினியில் இருந்து சாப்பிட்டோம். தெருவால் போகிறவர்கள் எங்கள் வாசலில் சைக்கிளை மெதுவாக்கினார்கள். "மதில் எப்ப எழும்புது?" என்று கடைக்காரர் சிரிக்காமல் கேட்டார்.

கூட்டத்தன்று காலை அவர் மாட்டு வண்டில் பிடித்து, கல் முழுவதையும் கொண்டுபோய்ச் சபை வளவில் கொட்டினார். நானும் போய், மற்றப் பெண்களோடு யன்னலுக்கு வெளியே நின்றேன். அவர் வாய் திறக்கும் முன்பே அக்கிராசனர் கதிரையை விட்டு எழும்பினார்.

"எங்கடை அங்கத்தவர் கடைக் கட்டிடத்துக்கெண்டு கல்லும் தந்திருக்கிறார். சபை சார்பில நன்றி."

சிலர் கைதட்டினார்கள்.

"நான் தரேல்லை! என்ரை வாயை அடைக்க ஆரோ கொண்டுவந்து போட்டது."

"ஆர் போட்டது? சொல்லும் பாப்பம்."

"குடுத்த கல்லு போதாதாக்கும்!" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. சபை சிரித்தது. வாக்கெடுப்பில் எதிராக உயர்ந்தது அவருடைய கை மட்டும். அவர் பக்கம் நின்ற இருவரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டியபடி கேட்டார்: "நீரும் நம்பேல்லை, என்ன?"

"இப்ப நம்புறன்."

"இப்பவோ?" என்றார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கல்லை அனுப்பியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது கடைகளின் அத்திவாரத்துக்குள் போயிற்று. கடைகள் திறந்து இரண்டாவது மாரியில் அடைமழை பிடித்தது. கடைகள் மறித்ததால் தரவைக்குப் போக வழியில்லாத வெள்ளம் தாழ்ந்த வளவுகளுக்குள் ஏறியது. பலருடைய குசினிகளில் அடுப்பு நனைந்தது. கூட்டத்தில் சிரித்தவர்களே எங்கள் படலையில் வந்து நின்று, "அண்ணை, என்ன செய்வம்?" என்று கேட்டார்கள்.

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்க, சனமும் பின்னாலே போனது. பின்னேரத்துக்குள் அக்கிராசனரின் மைத்துனருடைய வேலியைப் பிரித்து, கடைகளைச் சுற்றி அந்தக் காணிக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி, வெள்ளத்தைத் தரவைக்குள் இறக்கிவிட்டார்கள். சனத்தைத் தூண்டிவிட்டது என் கணவர்தான் என்று அக்கிராசனர் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். அந்த ஒரு விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை.