நூரவிடாதை

லோஜினியைப் பற்றி லிங்கநகரில ஆரைக் கேட்டாலும், "பீடி குடிச்சுப் பள்ளிக்கூடத்தால கலைச்சு விட்ட பெட்டை" எண்டுதான் சொல்லுவினம். சொல்லுற வாயில கொள்ளி வைக்க! நான் அன்னலட்சுமி, அவளின்ர பக்கத்து வீட்டுக்காரி. அதே பள்ளிக்கூடத்தில தேத்தண்ணி போடுறவள். நடந்தது எனக்குத் தெரியும்.

அவளின்ர அப்பா இராகுலன் டைனமைற் எறிஞ்சு மீன் பிடிச்சவன். ஒருநாள் அது கையிலயே வெடிச்சுது. ரெண்டு கையும் முழங்கைக்குக் கீழ இல்லை. மனிசி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள், ரெண்டு வருசத்தில போனும் நிண்டு போச்சு. பிறகு பதினொரு வயசுப் பிள்ளைதான் அவனுக்குச் சோறு தீத்தினது, சாரம் கட்டிவிட்டது, பீடி பத்த வைச்சது.

பீடி சிகரட் மாதிரியில்லை, இழுக்காட்டி அணைஞ்சு நூந்து போகும். இராகுலனுக்கோ வாய் ஓயாது. ரெண்டு இழுவை இழுத்துப்போட்டு, அந்தக் காலத்தில தப்பவிட்ட மீனையெல்லாம் திரும்பப் பிடிக்கத் தொடங்கிவிடுவான். "நூரவிடாதை பிள்ளை" எண்டுவான். அவள் தன்ர வாயில வைச்சு இழுத்துக் கொண்டிருப்பாள். முதல்ல இருமினாள். பதினாலு வயசில இருமலும் இல்லை, அவன் சொல்லவும் தேவையில்லை. வேலிக்கு மேலால பாத்துக்கொண்டு நிண்ட நான் ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

ஓ.எல். சோதினைக்கு மூண்டு மாசம் இருக்கேக்க அவளின்ர கொம்பாஸ் பெட்டிக்குள்ள பாதிப் பீடி பிடிபட்டுது. அதே கிழமை பாங்கு மனேஜரின்ர மகனும் கக்கூசுக்குப் பின்னால சிகரட்டோட பிடிபட்டவன். தேப்பன் காரில வந்து, "வயசுக் கோளாறு சேர்" எண்டு சிரிச்சு, என்ர தேத்தண்ணியையும் குடிச்சிட்டுப் போனார். லோஜினியின்ர விசயம் எண்டு வந்தோடன, "பொம்பிளைப் பிள்ளை, அதுகும் பீடி" எண்டு எல்லாரும் தலையில கையை வைச்சினம்.

இராகுலனைக் கூப்பிட்டினம். அதிபரின்ர அறையில பள்ளிக்கூடச் சங்கச் செயலாளர் சோமசேகரமும் இருந்தார். ஏலாத வீடுகளுக்கு மாசாமாசம் அரிசி, பருப்புப் பொதி குடுக்கிறவரும் அவர்தான். பீடி, சிகரட் பத்துற ஆக்கள் இருக்கிற வீட்டுக்குப் பொதி இல்லை எண்டது அவற்ர சட்டம்.

அதிபர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. "இராகுலன், உங்களுக்குப் பத்த வைச்சுக் குடுத்துத்தானே பிள்ளை பழகினது? ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பிழை பிள்ளையில இல்லை எண்டு எழுதி, சோதினை எடுக்க விடுறன்."

லோஜினி அப்பாவின்ர வாயையே பாத்துக்கொண்டு நிண்டாள். அவன் சோமசேகரத்தைப் பாத்தான்.

"நான் பீடியைத் தொடுறேல்லை சேர். எனக்குக் கையே இல்லையே. இவள் எங்க போய்ப் பழகினாளோ."

"ஐயோ பாவம்" எண்டு சோமசேகரம் அவன்ர தோளைத் தடவினார். நான் தட்டோட அதில நிண்டனான். என்ர வேலையும் சோமசேகரம் எடுத்துத் தந்த வேலை. கோப்பையை வைச்சிட்டு வெளியில வந்திட்டன். என்னைச் செருப்பால அடிக்கவேணும்.

அண்டைக்கே விடுகைப் பத்திரத்தை எழுதிக் குடுத்திட்டினம். பின்னேரம் பொதி வந்தது. பாவமெண்டு தகரத்தில அடைச்ச மீன் ரின் ஒண்டும் கூட வைச்சிருந்தார் சோமசேகரம். லோஜினி அந்த அரிசியைக் காய்ச்சி, அந்த மீனைக் குழைச்சு அப்பாவுக்குத் தீத்தினாள். வாயும் துடைச்சுவிட்டாள். அவன் நாடியைத் தூக்கி, "ஒண்டு பத்த வை பிள்ளை" எண்டான்.

அவள் பத்த வைச்சாள். அவனுக்கு முன்னால சப்பாணி கட்டி இருந்து இழுத்தாள். அவன் வாயைத் திறந்துகொண்டு முன்னுக்குக் குனிஞ்சான்.

"நீங்கள்தான் பீடியைத் தொடுறேல்லையே அப்பா."

திரும்பவும் இழுத்தாள். அவசரமில்லாமல், விரல் சுடுமட்டும் இழுத்தாள். இராகுலன் முதல்ல ஏசினான், பிறகு கெஞ்சினான், பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். மூக்கும் கண்ணும் ஒழுகிக்கொண்டு இருந்தது. அதைத் துடைக்கிறதெண்டாலும் அவள்தான் எழும்பவேணும்.

அவள் அடுத்ததைப் பத்த வைச்சாள்.