ஜெயித்தால் கிருபை, தோற்றால் வில்சன்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தம்பி ஜஸ்டின் போன் செய்தான். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு விஷயத்துக்கு வருகிறவன், அன்றைக்கு நேராக வந்தான்.

“அக்கா, உள்ளதச் சொல்லணும். அத்தான் ஆளு கொள்ளாமா?”

பதறிவிட்டேன். அத்தான் என்றால் என் கணவர் வில்சன். ‘கொள்ளாமா’ என்றால் எங்கள் பக்கத்தில் ‘நல்ல ஆளா, தேறுவாரா’ என்று அர்த்தம். பிள்ளைகள் காலேஜுக்குப் போன பிறகு கேட்கிற கேள்வியா இது?

பிறகுதான் புரிந்தது. அவன் விசாரித்தது என் கணவரை அல்ல... ஊர் கிளப்பின் ஃபுட்பால் மேனேஜரை.

கேரள எல்லையோரக் குன்னத்துகாலில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வில்சன்தான், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் எங்கள் செவன்ஸ் டீமுக்கு மேனேஜர். ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, மேட்ச் நடக்கும்போது யாரை இறக்குவது, யாரை வெளியே எடுப்பது – எல்லாம் அவர் பொறுப்பு. ஜஸ்டின் கிளப் செக்ரட்டரி. போன வருஷம் கப் வந்தது. இந்த வருஷம் வரிசையாகத் தோல்வி. ஞாயிற்றுக்கிழமை ஆரியங்கோட்டில் திருப்புறம் டீமோடு மேட்ச். புதன்கிழமை கமிட்டி கூடி, வில்சன் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறது. அதற்கு முன்னால் அக்காவின் ‘மனசாட்சிப்படியான’ அபிப்பிராயம் வேண்டுமாம்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், கவலைப்படுவதற்கு எனக்குக் காரணமே தேவையில்லை. இப்போது காரணம் வேறு கிடைத்துவிட்டது. கேட்க வேண்டுமா?

முதல் பயம் – இந்தப் பொறுப்பைப் பிடுங்கிவிட்டால் இந்த மனுஷர் சாயங்காலங்களை என்ன செய்வார்? இப்போதே சோறு சரியாக இறங்குவதில்லை. பிரஷர் மாத்திரை டப்பாக்களை மேஜையில் ஆட்டக்காரர்களாக நிறுத்தி, நகர்த்தி, பெருமூச்சு விடுகிறார்.

இரண்டாவது பயம் அதைவிடப் பெரியது. அவர் உண்மையிலேயே நல்ல மேனேஜர்தானா? எனக்குத் தெரியாது.

எதை வைத்துச் சொல்வது? கப்பை வைத்தா? போன வருஷம் எங்களிடம் பயங்கரமான ஒரு ஃபார்வர்ட் இருந்தான். இப்போது கல்ஃபில் இருக்கிறான். அயலை மீன் ஃப்ரெஷ்ஷாக இருந்தால் யார் குழம்பு வைத்தாலும் ருசிக்கும். கெட்டுப்போன மீனைக் கொடுத்துவிட்டுச் சமைத்தவளைத் திட்டி என்ன பயன்?

எங்கள் சபையின் கணக்கு இன்னும் வேடிக்கை. ஜெயித்த வாரம் ஆராதனையில் போதகர் ஸ்தோத்திரம் சொல்வார். கர்த்தரின் கிருபை. அடுத்து கோல் போட்டவன் பெயர், ஜெர்சி எடுத்துக் கொடுத்தவர் பெயர். டீமில் உள்ள இந்துப் பையன்களின் வீட்டில் அம்மனுக்கு நேர்ந்திருப்பார்கள். மீதிப் பெருமை அங்கே போய்விடும். தோற்ற வாரம் கர்த்தரையும் யாரும் குறை சொல்வதில்லை, அம்மனையும் குறை சொல்வதில்லை. சபை வாசலில் வில்சனைப் பிடித்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கில் ஒரு மேனேஜர் எந்த ஜென்மத்தில் ஜெயிக்க முடியும்?

சரி, நேரில் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆரியங்கோட்டுக்குப் போனேன். பந்தைப் பார்க்கக் கூடாது, வில்சனை மட்டுமே பார்க்க வேண்டும் என்று தீர்மானம். முயற்சி செய்து பாருங்கள், கழுத்து வலிக்கும்.

திருப்புறம் மேனேஜர் கோட்டோரத்தில் குதித்தார், கத்தினார், தொப்பியைத் தரையில் எறிந்தார். பக்கத்திலிருந்த பெண்கள், “ஆளு கொள்ளாம்” என்றார்கள். எங்கள் ஆளோ தோளில் துண்டோடு பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றார். கத்தித் தொலையுங்களேன் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

இடைவேளை வரை யாருக்கும் கோல் இல்லை. வில்சன் எங்கள் ஃபார்வர்ட் அஜியைத் தனியாகக் கூப்பிட்டு, காதில் ஏதோ சொன்னார். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அஜி பாய்ந்து போய் கோல் போட்டான். மைக்கில் மலையாளத்தில் அலறல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தீர்களா, காதில் சொன்ன ஒரே வார்த்தை! ஜஸ்டினுக்கு அங்கேயே போன் போடக் கை துறுதுறுத்தது.

அப்புறம்தான் அது நடந்தது. டிஃபன்ஸில் நிற்கும் ஷிபு, எங்களின் நம்பிக்கையான ஆள், ஒரு மோதலுக்குப் பிறகு காலை லேசாக இழுத்து நடந்தான். வில்சன் கையைக் காட்டி வெளியே வரச் சொன்னார். ஷிபு மறுத்தான். “அண்ணா, எனக்கு ஒண்ணும் இல்ல.”

“நாளைக்கு டைல்ஸ் பணிக்குப் போணும் இல்லியாலே? கேறி வா.”

அன்றைக்கு அவர் போட்ட ஒரே சத்தம் அதுதான். ஷிபு வெளியே வந்தான். அவனுக்குப் பதிலாக இறங்கியவனைத் தாண்டித்தான் திருப்புறத்துக்காரர்கள் முதல் கோலைப் போட்டார்கள். அடுத்ததும் அவன் பக்கமாகவே வந்தது. தோற்றோம். என் பின்னால் இருந்தவர்கள் திட்டுவதில் வில்சனின் அப்பா வரைக்கும் போய்விட்டார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது கேட்டேன். அஜி காதில் என்ன சொன்னீர்கள்?

முன்னால் போகாதே, பின்னாலேயே நில் என்று சொன்னாராம். அவன் கேட்கவில்லையாம்.

அப்படியானால் அந்த கோல் யார் கணக்கு? சொன்ன பேச்சைக் கேளாமல் ஒருவன் கோல் போட்டிருக்கிறான். நான் மேனேஜருக்காகக் கண்ணீர் விட்டிருக்கிறேன். கொஞ்ச தூரம் போனதும் அவர் திரும்பாமலே சொன்னார்: “நான் கொள்ளாமா இல்லியான்னு எனக்கே தெரியலடீ.”

சரி, ஷிபுவை வெளியே எடுத்ததாவது சரிதானே என்று நினைத்துக்கொண்டேன். பாவம், அவன் காலைக் காப்பாற்றினார். திங்கட்கிழமை காலை பக்கத்து வீட்டு மாடியில் டைல்ஸ் வேலை. வந்தவன் ஷிபுதான். டைல்ஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று ஏறுகிறான்! என்னைப் பார்த்ததும், அண்ணன் அவசரப்பட்டுவிட்டார், நான் நின்றிருந்தால் ஜெயித்திருப்போம் என்று குறைப்பட்டுக்கொண்டான். காலுக்கு ஒன்றும் இல்லையாம்.

ஒருவேளை வெளியே எடுத்ததால்தான் ஒன்றும் இல்லையோ? இதை யார் சொல்வது?

செவ்வாய்க்கிழமை ஜஸ்டின் மறுபடி கூப்பிட்டான். மனசாட்சிப்படியே சொன்னேன். “அவரு ஷிபுவ எடுத்தது தப்பாட்டு இருக்கலாம். ஆனா உனக்க மவன் பந்து களிக்கப் போனா, கோட்டுக்கு வெளிய யாரு நிக்கணும்ணு நெனைப்ப?”

அவன் சொன்னான், “அது வேற, அக்கா.”

வேறதானா? இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை கமிட்டி வில்சனை மாற்றிவிட்டது. பாறசாலைப் பக்கத்திலிருந்து புது மேனேஜர் வந்தார். அந்த வாரம் முழுக்க பயிற்சி நேரத்துக்கு வில்சன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரை போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பிரஷரை அளந்துகொண்டே இருந்தேன் – அவருக்கும், எனக்கும்.

போன சனிக்கிழமை எங்கள் டீம் ஜெயித்தது.

மறுநாள் ஆராதனை. என்னவோ ஏதோ என்று வில்சன் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் அது வழக்கமில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். யார் என்ன நினைத்தால் என்ன? போதகர் வெற்றிக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். கோல் போட்ட அஜியை வாழ்த்தினார். ஜெர்சிக்காரரை வாழ்த்தினார். எல்லாரும் ஆமென் சொன்னோம். முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த புது மேனேஜர், தன் பெயர் வரும் என்று தலையை நிமிர்த்தி வைத்திருந்தார். அது வராமலே போதகர் அடுத்த பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டார்.

வில்சன் புது மேனேஜரைக் கண்ணால் காட்டி என் பக்கம் குனிந்தார். பல நாள் கழித்து அவர் முகத்தில் சிரிப்பு.

“பாவம்... ஆளு கொள்ளாம்.”