தொலைக்காட்சியில் நைனா கேட்ட பாடம்

என் அப்பா, எங்கள் நைனா, மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் டில்லியில் அவர் கழித்த ஒரு நாள் செஞ்சியில் யாருக்கும் முழுதாகத் தெரியாது.

நைனா சிங்கவரத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்தார். எனக்கு நினைவு தெரியும் முன்பே அம்மா இறந்துவிட்டார்கள். மறுமணம் செய்யச் சொன்னவர்களிடம், "எம் பொண்ணு இருக்குது, போதும்" என்றார். எனக்குத் தலைவாரிப் பின்னவும் கற்றுக்கொண்டார். வகிடு மட்டும் கடைசிவரை கோணல்தான். சென்னையில் விடுதியில் சேர்த்துப் பட்டம் படிக்க வைத்தார்.

மணமாகி டில்லி போன நான் அங்கே ஆசிரியையானேன். அப்போது அரசுத் தொலைக்காட்சி பள்ளிகளுக்குப் பாடம் ஒளிபரப்பத் தொடங்கியிருந்தது. அறிவியல் பாடம் நடத்த என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். செய்தி எட்டியதும் நைனா ரேடியோ கடைக்காரரிடம் போய், "டெலிவிஷன் பொட்டி ஒண்ணு தருவிச்சுக் குடு" என்றாராம்.

"அது டில்லில மட்டுந்தான் தெரியும். இங்க வெச்சா வெறும் பொட்டி" என்றாராம் கடைக்காரர்.

"அப்ப நானே போறேன்."

சென்னைக்கு அப்பால் போயிராதவர், ஒரு பை மல்லாட்டைக் கடலையோடு டில்லியில் வந்து இறங்கினார்.

பாடம் நேரடி ஒளிபரப்பு. நிலையத்துக்குள் வெளியாரை விடமாட்டார்கள். அதனால் என் பள்ளியில், மாணவிகளோடு பெட்டியின் முன் அவரை உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினேன்.

"உன்னப் பாக்கத்தானே இம்மாந் தூரம் வந்தேன். நீ வேற எடத்துக்குப் போறியே?"

"நான் அங்க இருந்தாதான் நைனா, இதுல தெரிவேன்."

சுட்டெரிக்கும் விளக்குகளின் கீழ், காமிராவைப் பார்த்து இந்தியில் காற்றழுத்தம் பற்றிப் பேசினேன். முடிந்ததும் பள்ளிக்கு ஓடினேன். மாணவிகள் கலைந்துவிட்டார்கள். அணைத்துவிட்ட பெட்டியின் எதிரே நைனா மட்டும் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"இன்னா நைனா, புரிஞ்சுதா?"

"ஒண்ணும் புரியல. ஆனா நீ என்னையே பாத்துப் பேசினே. நானும் உம் கொட்டிக்கினே இருந்தேன். உனுக்குக் கேட்டுதா?"

"இல்ல நைனா. அங்க பேசறதுதான் இங்க வரும். இங்க பேசறது அங்க வராது."

பெட்டியின் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"செஞ்சிலயும் அப்டித்தாம்மா. கடையச் சாத்திட்டு உன்கிட்டதான் பேசிக்கினு கெடக்கறேன்."

எங்களோடு இருந்துவிடும்படி எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடையை விட்டு வர அவருக்கு மனமில்லை. சென்ற ஆண்டு தந்தி கண்டு நான் வந்து சேர்ந்தபோது காய்ச்சலில் கிடந்தார். என்னை அடையாளம் கண்டு, "சாப்டியாம்மா?" என்றார். அதன்பின் பேசவில்லை.

அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த எதிர்க்கடை அண்ணிக்கும், மருத்துவரை வண்டி கட்டி அழைத்து வந்த அனந்தபுரத்து மாமாவுக்கும், இரவு பகலாக உடனிருந்த கடைத்தெரு உறவுகளுக்கும் என் நன்றி. நான் செய்ய வேண்டியதையெல்லாம் நீங்கள் செய்தீர்கள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அத்தனை ஆண்டும் அவர் பக்கத்தில் இருந்தவர்கள் நீங்கள். கடை சாத்திய பிறகு அவர் என்னிடம் பேசியது ஏதாவது உங்கள் காதில் விழுந்திருந்தால், சின்ன வார்த்தையானாலும், என்னைப் பார்க்கும்போது சொல்லுங்கள்.